இரட்டைமலை சீனிவாசனும் 1924ஆம் ஆண்டுப் பொதுவழித் தீர்மானமும்

தமிழகத்தில் ஒடுக்கப்பட்டோர் உரிமை வரலாற்றை எழுதுவோர் இரட்டைமலை சீனிவாசனை இரண்டு இடங்களில் நிறுத்திப் பேசுவது வழக்கம். ஒன்று அவர் நடத்திய பறையன் இதழ். மற்றொன்று இலண்டன் வட்டமேசை மாநாடு. இவ்விரண்டிற்கும் இடையில், 1924இல் சென்னைச் சட்டசபையில் அவர் முன்மொழிந்து நிறைவேறிய தீர்மானம் பெரும்பாலும் ஓரிரு தொடர்களில் கடந்து செல்லப்படுகிறது. தெருவில் நடத்தல், கிணற்றில் நீர் முகத்தல், அரசு அலுவலகத்தினுள் நுழைதல் என்னும் அன்றாடச் செயல்களைச் சாதி வேறுபாடின்றி எவரும் செய்யலாம் என்று மாகாண அரசு கொள்கையாக ஏற்ற நிகழ்வு அது. அவருடைய வாழ்க்கையின் முற்பகுதி அத்தீர்மானத்தை நோக்கிச் செல்வதாகவும், பிற்பகுதி அத்தீர்மானத்தின் குறையை நிரப்ப முயல்வதாகவும் அமைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. அந்நியர் ஆட்சிக்கு மனு எழுதியே காலம் கழித்தவர் என அவர்மீது சொல்லப்பட்டுவரும் குறையையும் இவ்வழியில் வைத்தே நோக்க வேண்டியுள்ளது.

பிறப்பும் கல்வியும்

சீனிவாசன் செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் சூலை 7ஆம் நாள் பிறந்தார். பிறந்த ஆண்டு 1859 என்றும் 1860 என்றும் நூல்களில் குறிக்கப்படுகிறது. இரட்டைமலை என்பது அவர்தம் தந்தையார் பெயர். கோயம்புத்தூரில் அவர் கல்வி பயின்றார். அக்கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர் பயின்றனர் என்றும், பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்றும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்கிறார். தம் குலமும் இருப்பிடமும் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் உடன்பயில்வாரோடு விளையாடியதில்லை. பள்ளி தொடங்கும் மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்ததும், பள்ளி முடிந்தபின் எவரும் உடன்வராதபடி விரைந்து வீடு சேர்ந்ததும் அந்த அச்சத்தின் விளைவே. விளையாட்டை இழந்த சிறுவனின் துயரம் என்ற அளவில் இதனைப் படித்துச் செல்வாருண்டு. ஆயின் இங்கே கருதத்தக்கது வேறொன்று. பள்ளியில் சேர்வதற்கு அவருக்குத் தடை இருக்கவில்லை. கட்டடத்தின் வாயில் திறந்திருந்தது; அவ்வாயிலுக்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட தெருவே அவருக்கு அச்சம் தந்தது. ஆவணத்தில் இருக்கும் உரிமை தெருவில் இல்லாமற் போகும் நிலையை அவர் இளமையிலேயே உடம்பால் அறிந்திருந்தார்.

படிப்பிற்குப்பின் நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். அம்மலைப்பகுதி அக்காலத்தில் அயோத்திதாசரின் செயற்களமாகவும் இருந்தது. சீனிவாசனின் தங்கையை அயோத்திதாசர் மணந்தமையால் இருவரும் உறவினருமாயினர். 1890இல் சீனிவாசன் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

இதழும் மனுவும்

அவர் சென்னைக்கு வந்த காலம் கவனத்திற்குரியது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை குறித்து 1891இல் ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மை, அடிமைநிலையை ஒத்த கூலிவாழ்வு, குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்மை ஆகியவற்றை அது அரசின் பார்வைக்குக் கொண்டு வந்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வருவாய்த்துறை 1010ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என இன்றுவரை வழங்கும் நில ஒப்படைவுக்கு அவ்வாணையே அடிப்படை. கோழியாளத்தில் பிறந்த ஒருவர்க்கு அவ்வறிக்கையில் புதிய செய்தி எதுவும் இருந்திராது. ஆனால், ஓர் அதிகாரி எழுதிய அறிக்கை ஓராண்டிற்குள் அரசாணையாக மாறக்கூடும் என்பது புதிய செய்தி. சீனிவாசனின் மனுப்போர் முறை இச்சூழலில் உருப்பெற்றது என்று கருத இடமுண்டு.

பறையர் மகாஜன சபையை நிறுவிய அவர், 1893 அக்டோபரில் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம்; விலை இரண்டு அணா. தொடக்கச் செலவு பத்து ரூபாய். முதலிதழ் வெளிவந்த இரண்டு நாட்களுக்குள் நானூறு படிகள் விற்றன. திங்களிதழாகத் தொடங்கியது சில மாதங்களில் கிழமை இதழாயிற்று. ஈராண்டுகளில் அதற்கெனத் தனி அச்சகமும் அமைந்தது. 1900 வரை அது நடந்தது. ஆசிரியருக்கு வந்த கடிதம் ஒன்றை வெளியிட்டமைக்காக 1896இல் தொடரப்பட்ட வழக்கில் சீனிவாசனுக்கு 100 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பத்து ரூபாயில் தொடங்கிய இதழுக்கு அது எத்துணைப் பெருந்தொகை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதழின் பெயர் குறித்து இங்கே சிறிது விரித்துரைப்பது தகும். அயோத்திதாசர் அப்பெயரை ஏற்றவரல்லர். அது பகைவர் இட்ட இழிபெயர் என்பதும், பூர்வ பௌத்தரும் திராவிடருமாகிய மக்கள் அதனைச் சுமத்தலாகாது என்பதும் அவர் கொள்கை. அவர் 1907இல் தொடங்கிய இதழுக்கு ஒரு பைசாத் தமிழன் என்று பெயரிட்டதும் அக்கொள்கையின்பாற்பட்டது. சீனிவாசனோ, இழிவுபடுத்தப்பட்டவன் அவ்விழிபெயரோடே முன்வந்து நின்றாலன்றி அவனுக்குரிய உரிமை கிட்டாது என எண்ணினார். ஒருவர் பெயரை வரலாற்றின் துணைகொண்டு மாற்ற முயன்றார். மற்றவர் அதே பெயரைப் பொதுவெளியில் அச்சிட்டு விற்றார். கோயம்புத்தூரில் தம் குலத்தை மறைத்து நடந்த சிறுவன் முப்பதைக் கடந்த வயதில் அதனை இதழின் முகப்பில் எழுதியமை தற்செயலன்று. இவ்விரு நிலைப்பாடுகளுள் ஒன்றை முற்போக்கு என்றும் மற்றொன்றைப் பிற்போக்கு என்றும் பிரிப்பது, அம்மக்களிடையே அக்காலத்தில் நிகழ்ந்த அறிவுப்போரின் செறிவைக் குறைப்பதாகும். பின்னர் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. இம்மூன்றாம் வழி வேறு.

இதழ் தொடங்கிய அதே ஆண்டின் இறுதியில் சீனிவாசனின் பெயர் பிரித்தானியப் பாராளுமன்றம் வரை சென்றது. இந்தியக் குடியியல் பணித் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. 1893 சூனில் பொதுமக்கள் அவையும் அதற்கு இசைந்து தீர்மானித்தது. சீனிவாசன் இதனை எதிர்த்தார். 1893 டிசம்பரில் சென்னை வெஸ்லி கல்லூரியில் கூட்டம் கூட்டி, 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஒன்றை உறுப்பினர் செஸ்னி வழியாகப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். இந்தியாவில் தேர்வு நடந்தால் உயர்சாதியினரே ஆட்சியர்களாவர்; அவர்கள் கையில் அதிகாரம் சேர்ந்தால் ஒடுக்கப்பட்டோர்க்கு இருக்கும் சிறு நிழலும் இல்லாமற்போகும் என்பது அவரது வாதம்.

நாட்டுரிமை இயக்க வரலாற்றாசிரியர்க்கு இம்மனு இடர் தருவது. இதனை அடிமை மனப்பான்மையின் சான்றாகக் காட்டியவருமுண்டு. அன்றைய நிலையில் எழுத்தறிவு பெற்றோர் யார், கல்லூரி வாயிலைக் கடந்தோர் யார் என்பதைக் கணக்கிற்கொண்டால் அவருடைய அச்சம் வெற்றுக் கற்பனையன்று என்பது விளங்கும். எனினும் அம்மனுவிற்கு ஒரு குறையும் உண்டு. அது அதிகாரத்தில் தமக்குப் பங்கு கேட்கவில்லை. பிறர்க்குச் சேரவிருந்த அதிகாரத்தைத் தள்ளிவைக்கவே கேட்டது. பங்கு கேட்கும் மொழியை அவர் பெறுவதற்கு மேலும் முப்பதாண்டுகள் ஆயின. அவற்றுள் ஏறத்தாழ இருபதாண்டுகள் அவர் இந்நாட்டிலேயே இல்லை.

கடல் கடந்த ஆண்டுகள்

மக்கள் குறையை இங்கிலாந்திலேயே நேரிற் சென்று முறையிட விரும்பி 1900இல் சீனிவாசன் கப்பலேறினார். பயணம் ஆப்பிரிக்காவிலேயே நின்றது. தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியில் அமர்ந்தார். அங்கு வழக்குரைஞராயிருந்த காந்தியடிகளோடு பழக்கம் ஏற்பட்டது. காந்தியடிகள் தமிழிற் கையொப்பமிடக் கற்றது இவரிடமே என்பது தொடர்ந்து வழங்கிவரும் செய்தி.

நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியத் தொழிலாளர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டிருந்த காலம் அது. கரும்புத் தோட்டங்களில் உழைத்தோருள் தமிழர் பெருந்தொகையினர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பலர். நடைபாதையில் நடப்பதற்கும் தொடர்வண்டியில் அமர்வதற்கும் நிறம் அளவுகோலாயிருந்தது. சாதி இந்து என்று ஊரில் தலைநிமிர்ந்தவரும் அங்கே கூலி என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டார். அந்நீதிமன்றங்களில் தோட்டத் தொழிலாளியின் சொல்லை நீதிபதியின் மொழிக்கு மாற்றித் தருவதே சீனிவாசனின் அன்றாடப் பணி. அவ்வாண்டுகளைப்பற்றி அவர் எழுதியவை மிகச் சில. ஆனால் 1921இல் அவர் இந்தியா திரும்பியபின் பேசிய அரசியலில் சட்டத்தின் சொல்லமைப்பு, தண்டனை, சான்று ஆகியவற்றின்மீது அவர்க்கிருந்த கவனத்தை நோக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் இருக்கை அவருக்குப் பள்ளியாகவும் அமைந்தது எனலாம்.

சட்டசபைத் தீர்மானம்

அவர் திரும்பி வந்தபோது மாகாண ஆட்சியின் உருவமே மாறியிருந்தது. இரட்டையாட்சி முறையில் நீதிக்கட்சி அமைச்சரவை பொறுப்பேற்றிருந்தது. எம்.சி. ராஜா முன்னரே சட்டசபையில் நியமன உறுப்பினராகச் செயற்பட்டு வந்தார். தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் ஒடுக்கப்பட்டோர்க்கு வீட்டுமனை, பள்ளி, கிணறு ஆகியவற்றை அமைத்துத்தரும் பணிகள் நடந்தன. 1923இல் சீனிவாசனும் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அப்போது அவர்க்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.

தொழிலாளர் துறையின் பணிகள் பயனுடையன. ஆயின் அவற்றுள் ஒரு முரண் இருந்தது. பொதுக்கிணற்றில் நீர் முகக்கவிடாத ஊரில் அரசு சேரிக்கெனத் தனிக்கிணறு தோண்டித் தந்தது. பொதுப்பள்ளியில் சேர்க்காத ஊரில் தனிப்பள்ளி திறந்தது. தாகம் தீர்ந்தது; தடை நீங்கவில்லை. தனிக்கிணறு ஒவ்வொன்றும், பொதுக்கிணறு பொதுவன்று என்பதற்கு அரசே நாட்டிய கல்வெட்டுப்போல் நின்றது. சீனிவாசன் இவ்விடத்தைத் தேர்ந்து கைவைத்தார். அவர் புதிதாக எதனையும் கட்டித்தரும்படி கேட்கவில்லை; மக்கள் வரிப்பணத்தில் ஏற்கெனவே கட்டப்பட்டிருப்பதைத் திறந்துவிடும்படி கேட்டார்.

1924 ஆகஸ்டு 22ஆம் நாள் அவருடைய தீர்மானம் நிறைவேறியது. எவ்வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த நகரத்திலும் சிற்றூரிலும் பொதுச்சாலை, தெரு, நடைபாதை ஆகியவற்றில் நடப்பதற்கு மறுப்பில்லை என்பது அதன் முதற்கூறு. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடுமிடம், பொதுக்காரியம் நடைபெறும் கட்டடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எவ்வாறு, எவ்வளவு பயன்படுத்துகின்றனரோ அவ்வாறே, அவ்வளவே பிறரும் பயன்படுத்துவதற்கு மறுப்பில்லை என்பது இரண்டாம் கூறு. செப்டம்பர் 25ஆம் நாள் உள்ளாட்சித் துறையின் 2660ஆம் எண் ஆணையாக அது வெளிவந்தது.

தமிழாய்வாளர் இத்தீர்மானத்தின் சொல்லமைப்பை நோக்குதல் வேண்டும். உரிமை உண்டு என உடன்பாடாக அது கூறவில்லை. மறுப்பு இல்லை என எதிர்மறையாகவே கூறுகிறது. மறுப்பு யாருடையது என்பதற்கும் எழுவாய் இல்லை. அரசு எந்தக் காலத்திலும் தெருவில் நடக்கத் தடைவிதித்துச் சட்டம் இயற்றியதில்லை. ஆகவே அரசின் மறுப்பின்மையைச் சொல்வது, ஒரு வகையில், இல்லாத ஒன்றை இல்லை எனச் சொல்வதேயாகும். மறுத்தவர் ஊரார். அவர்களைப்பற்றித் தீர்மானம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டாம் கூறில் ஒப்பளவாகச் சாதி இந்துவே நிற்பதும் நோக்கத்தக்கது. குடிமகன் என்னும் பொதுச்சொல் அன்றைய அரசின் நாவில் இன்னும் வரவில்லை.

அப்படியாயின் அத்தீர்மானத்தால் விளைந்ததென்ன? அதே ஆண்டு மார்ச்சு 30இல் திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பதற்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கி நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு சமஸ்தானம் நான்கு தெருக்களுக்காகத் தொண்டர்களைச் சிறையிட்டது; இங்கே மாகாணம் முழுவதிலுமுள்ள பொதுத்தெருக்கள் அனைத்தும் ஒரு தீர்மானத்தால் திறக்கப்பட்டன. வைக்கம் பெற்ற புகழில் ஒரு பங்கேனும் இத்தீர்மானம் பெறாமைக்குக் காரணம் உண்டு. போராட்டத்திற்குக் களமும் காட்சியும் உண்டு. அரசாணைக்கு அவை இல்லை. ஆனால் ஆணை வந்த சில கிழமைகளில் களம் தானே உருவாயிற்று. மலபார் மாவட்டத்தின் கல்பாத்தியில் 1924 நவம்பர்த் தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் நடந்த ஈழவர்கள் தாக்கித் தடுக்கப்பட்டனர். அங்கே பூசலுக்குப் பொருளானது அத்தெரு பொதுத்தெருவா அன்றா என்னும் கேள்வி. அக்கேள்வி எழுந்ததே தீர்மானத்தின் வெற்றி என்பது என் துணிபு. அதற்குமுன் வழக்கம் என்ற ஒற்றைச் சொல்லால் முடிந்துபோன செய்தி, அதற்குப்பின் அரசு விடைகூறியே ஆகவேண்டிய வழக்காயிற்று.

ஆணைக்குத் தண்டனைப் பிரிவு இல்லை என்னும் குறையைச் சட்டசபையில் இருந்த பிற ஒடுக்கப்பட்டோர் உறுப்பினரும் உணர்ந்தனர். கோவையைச் சேர்ந்த வீரையன் உள்ளாட்சிச் சட்டங்களில் திருத்தம் கொண்டுவந்து, பொதுவழியிலும் பொதுநீர்நிலையிலும் இடையூறு செய்வோர்க்குத் தண்டம் விதிக்க வழிசெய்தார். சீனிவாசனின் முயற்சியைத் தனியொருவர் சாதனையாகப் போற்றும் நூல்கள் வீரையனைக் குறிப்பிடாமற் செல்வது பொருத்தமன்று.

வட்டமேசை மாநாடு

1930, 1931ஆம் ஆண்டுகளில் நடந்த முதலிரண்டு வட்டமேசை மாநாடுகளுக்கு ஒடுக்கப்பட்டோர் பேராளராக அம்பேத்கரும் சீனிவாசனும் அழைக்கப்பட்டனர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தபோது தீண்டத்தகாதவர் என்று எழுதிய அட்டையைச் சீனிவாசன் அணிந்திருந்தார் என்றும், கைகுலுக்க மறுத்து நின்றார் என்றும் பிற்காலத்தார் கூறுவர். தம் நூலில் அவர் அடக்கமாகவே எழுதுகிறார்: தீண்டாமை என்பது யாது என மன்னர் வினவியதையும், தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் தூக்கிவிட மாட்டார்கள் என்று தாம் விளக்கியதையும் குறிப்பிடுகிறார். இச்சந்திப்பின் கவர்ச்சியில் மறைந்துபோனது அவ்விருவரும் இணைந்து அளித்த பாதுகாப்புத் திட்டம்.

அத்திட்டத்தின் முதல் நிபந்தனை சமக்குடியுரிமை. இரண்டாவது, அவ்வுரிமையைத் தடையின்றி நுகர்வதற்குரிய பாதுகாப்பு. சாலை, தெரு, கிணறு, குளம், கல்விக்கூடம், விடுதி, ஊர்தி ஆகியவற்றைத் தீண்டாமை காரணமாக மறுப்பவர்க்கு ஐந்தாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்க வேண்டும் என அது கோரியது. சமூகப் புறக்கணிப்பும் குற்றமாக்கப்பட வேண்டும் என்றது. இக்கோரிக்கைக்கு முன்மாதிரியாக அமெரிக்காவில் அடிமைநீக்கத்திற்குப்பின் கறுப்பின மக்களைக் காக்க 1866இலும் 1875இலும் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டங்கள் காட்டப்பட்டன. இவ்வொப்பீட்டைத் தந்தது அம்பேத்கரின் சட்டப்புலமை என்பதில் ஐயமில்லை. எனினும் பட்டியலில் உள்ள தெருவும் கிணறும் குளமும் சென்னைத் தீர்மானத்தில் முன்னரே இடம்பெற்றவை. மறுப்பில்லை என்று ஆறாண்டுகளுக்குமுன் எழுதிய அதே கை, இப்போது மறுப்பவனுக்குச் சிறை என்னும் வாசகத்தின்கீழ்க் கையொப்பமிட்டது. 1893இன் மனுவில் இல்லாதிருந்த பங்கு கேட்கும் மொழியும் இத்திட்டத்தில் முழுமை பெற்றது: சட்டமன்றங்களில் போதிய இடம், அரசுப்பணியில் இடம், அமைச்சரவையில் இடம்.

பின்னர் நிகழ்ந்தவை அறியப்பட்டவையே. 1932 ஆகஸ்டில் வெளிவந்த வகுப்புத்தீர்ப்பு தனித்தொகுதிகளாக 71 இடங்களை வழங்கியது. காந்தியடிகளின் உண்ணாநோன்பையடுத்துச் செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் உருவாயிற்று. இடங்கள் 148 ஆயின; அவற்றுள் சென்னைக்கு 30. தனித்தொகுதி போயிற்று. ஒப்பந்தத்தில் அம்பேத்கரோடு சீனிவாசனும், கூட்டுத்தொகுதியை ஆதரித்த எம்.சி. ராஜாவும் ஒரே தாளிற் கையொப்பமிட்டனர்.

1935இல் அம்பேத்கர் இந்து மதத்தைவிட்டு நீங்குவதாக அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. தாழ்த்தப்பட்டோர் வருணத்துக்குப் புறம்பானவர். இந்து மதத்திற்குள்ளே இல்லாதவர் அதைவிட்டு வெளியேறுவது எங்ஙனம் என்பது அவர் கேள்வி. அம்பேத்கரை எதிர்த்த கருத்தாக இதனைக் காட்டுவர். இருவரும் ஒரே முடிவிலிருந்து வெவ்வேறு வழியிற் பிரிந்தனர் என்பதே பொருந்தும்.

இறுதி ஆண்டுகள்

அரசு அவர்க்கு 1926இல் ராவ்சாகிப், 1930இல் ராவ்பகதூர், 1936இல் திவான்பகதூர் பட்டங்களை அளித்தது. 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த குடியியல் தகுதிக்குறை நீக்கச் சட்டம் சென்னையில் நிறைவேறியது. வழக்கத்தைக் காரணமாக்கிப் பொதுவழியையும் பொதுநீரையும் மறுப்பதை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்பதும், தடுப்பது தண்டனைக்குரியது என்பதும் அதனால் சட்டமாயின. தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதற்கு அடுத்த ஆண்டு ஜீவிய சரித்திர சுருக்கம் என்னும் சிறு நூலாகச் சீனிவாசன் தம் வாழ்வை எழுதி வெளியிட்டார். தமிழில் ஒடுக்கப்பட்டோர் எழுதிய தன்வரலாறுகளுள் மிக முற்பட்டவற்றுள் அது ஒன்று. தமிழ்த் தன்வரலாற்று இலக்கியம் பற்றிய ஆய்வுகளில் அதற்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை. சுருக்கம் என்னும் பெயருக்கேற்ப அதில் குடும்பச் செய்தி குறைவு, தற்புகழ்ச்சி குறைவு. மனு, கூட்டம், ஆணை ஆகியவற்றின் நாளும் எண்ணும் மிகுதி. நீதிமன்றத்தில் சான்று அடுக்குவார்போல் அவர் தம் வாழ்வை அடுக்கியிருக்கிறார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். கடைகள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் ஆகியவற்றில் எக்குடிமகனுக்கும் சாதி, இன அடிப்படையில் தடை கூடாது என்னும் பதினைந்தாம் உறுப்பு இந்திய அரசமைப்பில் நடைமுறைக்கு வந்தது 1950 சனவரி 26இல்.